ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்லி 85,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: வெளிநாட்டில் பிஎச்டி படிக்க நினைப்பவர்கள் அவசியம் படியுங்கள்

நேற்று சாயங்காலம் போனில் கடைசியாக வந்த பதில் இது: "ரீஃபண்ட்னு ஒண்ணு எங்க பாலிசியிலயே கிடையாது மேடம். வேணும்னா கேஸ் போட்டுக்கோங்க." அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அம்மாவின் நம்பரையும்தான். போனது 85,000 ரூபாய். வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு முயற்சி செய்கிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை முடிவில் விவரமாகச் சொல்கிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை என்று போர்டு மாட்டி, மாடியில் ஏசி ரூம் போட்டு, கண்ணாடிக் கதவில் நாலைந்து நாட்டுக் கொடிகளை ஒட்டி வைத்திருக்கும் இடம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குக் கோச்சிங் நடக்கிற எந்தத் தெருவிலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

நான் எம்எஸ்சி இயற்பியல், 2023-இல் முடித்தேன். பெரோவ்ஸ்கைட் என்ற பொருளால் செய்யும் சோலார் செல்லில் புராஜெக்ட் செய்தேன். அதிலேயே ஆராய்ச்சியைத் தொடர வேண்டும் என்று ஆசை. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. உதவித்தொகை பற்றி எங்கள் பேராசிரியர் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். 1925-இல் தொடங்கிய கல்விப் பரிமாற்ற அமைப்பு அது. வெளிநாட்டு மாணவர்கள் பலர் அதன் உதவியில் அங்கே போய்ப் படிக்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தார். செலவில்லாமல் படிக்க வழி இருக்கிறது என்றால் எங்கள் மாதிரி வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த அலுவலகத்தில் எங்களிடம் பேசியது ஒரு கவுன்சிலர் மேடம். முப்பது வயசு இருக்கும். உட்கார்ந்ததும் டீ வந்தது. என்னிடம் மார்க் ஷீட்டைக்கூடக் கேட்காமல் முதலில் அம்மாவிடம்தான் பேச ஆரம்பித்தார். எந்த ஊர், யார் யார் இருக்கிறீர்கள், பீடிக் கம்பெனியில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எங்க ஆச்சியும் பீடி சுத்துனவங்கதாம்மா. எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்?" என்றார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு ஜெர்மனி போயி, அங்கேயிருந்து மாசாமாசம் உங்களுக்குப் பணம் அனுப்புவா, பாருங்க" என்றார். சுவர் நிறைய ஏர்போர்ட்டில் மாலையோடு நிற்கும் பிள்ளைகளின் போட்டோக்கள். அதில் ஒரு பெண்ணைக் காட்டி, "இவளும் ஃபிசிக்ஸ்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் மனசு இளகியது.

இங்கேயே ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வு எழுதலாமா என்று கேட்டேன். "அதை எழுதி என்னம்மா பண்ணப்போற? இங்க பிஎச்டி சேர்ந்தா மாசம் எட்டாயிரம்தான் தருவாங்க" என்று சொல்லிவிட்டார். அரசு தரும் உதவித்தொகைகளைக் கேட்டதற்கு, "அதெல்லாம் ஆள் தெரிஞ்சவங்களுக்குத்தான்" என்றார். பிறகு பயம் காட்டினார். "உனக்கு ஏற்கெனவே படிப்புல கேப் விழுந்திருச்சு. இந்த வருஷத்தை விட்டா அடுத்த வருஷம் உன் ஃபைலையே தொட மாட்டாங்க."

வெளியே வந்து படியில் நின்றபோது அம்மா, "ஏட்டி, அந்தப் பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுது. குடுத்துருவோம்" என்றார். மறுநாள் அம்மாவின் இரண்டு பவுன் செயின் அடகுக்குப் போனது.

முதலில் 40,000 ரூபாய், சேவைக் கட்டணம் என்று. விண்ணப்பம், ஆராய்ச்சித் திட்ட அறிக்கை, ஜெர்மனியில் வழிகாட்டிப் பேராசிரியர் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றார்கள். சில வாரம் கழித்து மெயிலில் ஒரு கடிதம் வந்தது. மேலே டி.ஏ.ஏ.டி. முத்திரை, கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. 'தற்காலிகத் தேர்வுக் கடிதம்' என்று தலைப்பு. மாதம் 2,500 யூரோ உதவித்தொகை, அதை உறுதி செய்ய 45,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், முதல் மாத உதவித்தொகையோடு அது திரும்பி வரும் என்று எழுதியிருந்தது. அன்று வீட்டில் அம்மா அழுதார், சந்தோஷத்தில். அந்த 45,000 ரூபாயைக் கூகுள் பேயில் ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். "கம்பெனி அக்கவுண்ட்ல ஜிஎஸ்டி போயிரும்மா, உனக்குத்தான் நஷ்டம்" என்றார் அதே மேடம். ஆக மொத்தம் 85,000 ரூபாய்.

அதற்குப் பிறகு போன் எடுக்கிற விதமே மாறியது. "சார் மீட்டிங்ல இருக்காங்க." "உங்க ஃபைல் ஜெர்மனியில மூவ் ஆகிட்டிருக்கு." "அங்க இப்ப லீவு மேடம்." "ஹெட் ஆபீஸ்ல பேசுங்க." ஹெட் ஆபீஸ் நம்பரைக் கேட்டால் இதே ஆபீஸ் நம்பரைத்தான் தருகிறார்கள். நேரில் போனால் அந்த கவுன்சிலர் மேடம் வேறு கிளைக்கு மாறிப் போய்விட்டாராம். புதிதாக வந்த பையனுக்கு என் பெயரே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "நீங்க கனடாதானே?" என்றான். அம்மா வாசலில் நின்றுகொண்டே இருந்தார். இந்தத் தடவை டீ இல்லை, உட்காரக்கூடச் சொல்லவில்லை.

எனக்காகத் தயாரித்ததாகச் சொன்ன ஆராய்ச்சித் திட்ட அறிக்கையையாவது கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்று வாங்கினேன். திறந்து பார்த்தால் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றி எழுதியிருக்கிறது. சோலார் செல் என்ற வார்த்தையே இல்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் வேறொரு பெண்ணின் பெயரும் பதிவெண்ணும் அப்படியே இருந்தன. அவளிடமும் பணம் வாங்கியிருப்பார்கள். ஒரே அறிக்கையை எத்தனை பிள்ளைகளுக்கு விற்றார்களோ!

அன்று ராத்திரி டி.ஏ.ஏ.டி. தளத்தை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். அந்த மேடம் சொன்ன ஒன்றுகூட உண்மையில்லை. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு அவர்கள் தருவது மாதம் 1,400 யூரோ, 2,500 இல்லை. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, டெபாசிட் என்ற பேச்சுக்கே இடமில்லை. விண்ணப்பத்தை அவர்களுடைய இணையவாசலில் நாமே கணக்குத் தொடங்கி அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் நம்மை ஏற்றுக்கொள்வதாகத் தரும் கடிதமும் நாமே எழுதிய திட்ட அறிக்கையும் வேண்டும். 'கேப் விழுந்திருச்சு' என்று மிரட்டினார்களே, விதிப்படி கடைசிப் பட்டம் முடித்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2023-இல் முடித்த எனக்கு என்ன அவசரம்? வந்த கடிதத்தின் மெயில் முகவரியைப் பார்த்தால் சாதாரண ஜிமெயில். என் பெயரில் எந்த விண்ணப்பமும் போகவே இல்லை. அதற்குள் இந்த வருஷத்துக் கடைசித் தேதியும் போய்விட்டது. 85,000 ரூபாயோடு சேர்ந்து ஒரு வருஷமும் போனது.

என் சீனியர் அக்கா ஒருவர் ஜெர்மனியில், டிரெஸ்டனில் பிஎச்டி செய்கிறார். அவரிடம் பேசியபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. ஜெர்மனியில் பிஎச்டி செய்கிறவர்களில் நிறையப் பேர் ஸ்காலர்ஷிப்பில் இல்லை. பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ சம்பள வேலையில் இருந்துகொண்டே முடிக்கிறார்கள். அந்த இடங்களுக்கு வேலை விளம்பரம் மாதிரி அறிவிப்பு வருகிறது, நேரடியாக மெயில் போட்டு விண்ணப்பிக்கலாம். அக்காவும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் எழுதியிருக்கிறார்.

உள்ளூர் விஷயத்திலும் பொய்தான். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்கிற முதுநிலை உதவித்தொகை ஆனதும் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தேர்வுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கே 1,150 ரூபாய்தான், ஓ.பி.சி.க்கு 600. அந்த எட்டாயிரம், நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்கிறவர்களுக்குத் தருவது. இரண்டையும் வேண்டுமென்றே குழப்பிச் சொல்லியிருக்கிறார். 'ஆள் தெரிஞ்சவங்களுக்கு' என்று தள்ளிவிட்ட அரசு உதவியில், மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஒன்று போதும். ஆதிதிராவிடர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைக் கலைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 125 இடம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். என்னோடு அதே அலுவலகத்தில் காத்திருந்த ஒரு பையனின் அப்பா விவசாயக் கூலி. அவனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. அவனும் பணம் கட்டினான்.

சொந்தக்காரர்கள் வேறு, "எம்எஸ்சி படிச்ச பொண்ணு இப்பிடி ஏமாறலாமா?" என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் ஏமாற்றுகிறவர்களைக் காப்பாற்றுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் அடுத்த பிள்ளையை உட்கார வைத்து டீ கொடுக்கிறார்கள். முத்திரை போட்டுப் பொய்க் கடிதம் தயாரித்தவனை விட்டுவிட்டு, நம்பிக் கொடுத்தவளிடம் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

காவல் நிலையத்திலும் முதலில் கேட்டது, "நீங்களாத்தானே பணம் குடுத்தீங்க?" என்றுதான். ரசீதில் பொடி எழுத்தில் 'சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறதாம், அதனால் இது சிவில் விவகாரமாம். 40,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறது, சரி. போலிக் கடிதம் அனுப்பி வாங்கிய 45,000 ரூபாயும் சேவைக் கட்டணமா? அதற்கு பதில் இல்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு போன் செய்து சைபர் கிரைம் தளத்தில் பதிவு செய்த பிறகுதான் ஒரு புகார் எண்ணாவது கிடைத்தது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்கு நிதானம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்காலர்ஷிப் தருகிறவர்கள் உங்களிடம் டெபாசிட் கேட்க மாட்டார்கள், கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். தேர்வுக் கடிதம் எந்த மெயில் முகவரியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சென்னையிலேயே டி.ஏ.ஏ.டி. தகவல் மையம் இருக்கிறது, அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, நேரடியாகக் கேளுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930. நான் நாள் கடத்தாமல் கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்கியிருக்கலாம் என்றார்கள், ஆனால் அந்த ஆலோசனை ஆபீஸில் "ஃபைல் மூவ் ஆகுது" என்று நாளைக் கடத்தியதே அதற்காகத்தான்.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். தென் மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு இடத்தில் 'தற்காலிகத் தேர்வுக் கடிதம்' வாங்கிக்கொண்டு டெபாசிட் கட்டியவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். ரசீது, கடிதம், கூகுள் பே ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள், வாட்ஸப் சாட்டை அழித்துவிடாதீர்கள். சாயப்பட்டறைக் கழிவுநீர் பற்றித் திட்ட அறிக்கை எழுதிய அந்தப் பெண் இதைப் படித்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். உங்கள் அறிக்கை என்னிடம் இருக்கிறது.