பிளாட்டினம் இடுக்கி எலக்ட்ரோடு, 5 மி.மீ. தட்டு: சாமான் சரி, கையேடு சரியில்லை

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகப் பக்கம், கருவின் மூளையை ஆய்வு செய்பவர்களுக்குப் பழகிய சாமான்தான் இது. மின்துடிப்பால் மூளைச் செல்களுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தி (எலக்ட்ரோபொரேஷன்), நியூரான்கள் எப்படி நகர்கின்றன, ஒரு மரபணுவை அடக்கினால் என்னாகும் என்று பார்க்க உதவுவது. இடுக்கியின் இரு நுனியிலும் 5 மி.மீ. வட்டப் பிளாட்டினம் தட்டு, பின்னால் சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர். பிடி கனமில்லை, தட்டுகள் நேருக்கு நேர் சேர்கின்றன. கூடவே வரும் ஒற்றைத் தாள் கையேடுதான் மோசம். எந்தத் தட்டை எங்கே வைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வேலையில் பாதி அதுதானே?

வழக்கமான முறை இது: மயக்க மருந்தில் இருக்கும் தாய்ச் சுண்டெலியின் 14.5 நாள் கருவில், மூளையின் ஒரு பக்க வென்ட்ரிக்கிளுக்குள் (திரவம் நிறைந்த உள்ளறை) ஜிஎஃப்பி பிளாஸ்மிட் (செல்லைப் பச்சையாய் ஒளிரவைக்கும் டிஎன்ஏ வளையம்) 1 மைக்ரோலிட்டர் செலுத்தவேண்டும். அடர்த்தி ஒரு மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். ஊசி சரியான இடத்தில் இறங்கியது தெரிய ஒரு துளி ஃபாஸ்ட் கிரீன் சாயம். பிறகு கருப்பைச் சுவருக்கு வெளியிலிருந்தே தலையை இடுக்கியால் பிடித்து, 35 வோல்ட்டில் 5 பல்ஸ் (மின்துடிப்பு). ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்டு, நடுவில் 950 மில்லிசெகண்டு ஓய்வு.

டிஎன்ஏ பாசிட்டிவ் தட்டை நோக்கி ஓடும். ஊசி போட்ட பக்கத்தின் மேல் ஓரத்தில் சிவப்பு வயர்த் தட்டு இருந்தால், புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) ரேடியல் கிளியா செல்கள், அதாவது நீண்ட இழை கொண்ட தாய்ச் செல்கள், அதை வாங்கிக்கொள்ளும். அவற்றுக்குப் பிறக்கும் நியூரான்கள் அந்த இழைகளையே பற்றி வெளிப்பக்கம் ஏறும். தட்டு உள்பக்கம் சாய்ந்தால் ஒளிர்வது நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ். கீழே இறங்கினால் கேங்லியோனிக் எமினன்ஸ் என்ற அடிப்பக்க மேடு. அங்கிருந்து கிளம்பும் இடைநியூரான்கள் (பக்கத்து நியூரான்களை அடக்கிவைப்பவை) இழையேறாமல் பக்கவாட்டில் நெடுந்தூரம் போகிறவை. மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலே பரிசோதனை வேறாகிவிடும்.

நாள் கணக்கும் அப்படித்தான். 12.5ஆம் நாளில் செய்தால் பெரும்பாலும் ஆழ் அடுக்குகள் ஒளிரும், 15.5இல் செய்தால் மேலே உள்ள 2, 3ஆம் அடுக்குகள். பிந்திப் பிறந்தவை முந்திப் பிறந்தவற்றைத் தாண்டி மேலே போகும் என்பது 1961இல் ஆஞ்சவின், சிட்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கதிரியக்கத் தைமிடின் (பிரியும் செல்லின் டிஎன்ஏவில் ஏறும் அடையாளப் பொருள்) வைத்துக் காட்டியது. 14.5இல் செய்துவிட்டு மறுநாளே வெட்டிப் பார்த்து ‘நகரவில்லை’ என்று எழுதுவது அவசரம். ஏறுவதற்கு முன் இந்தச் செல்கள் பல கைகளை நீட்டியபடி வென்ட்ரிக்கிளுக்கு மேலே ஒரு நாள் போலத் தேங்கி நிற்கும். உச்சிக்குப் போய்ச் சேர 3, 4 நாள் ஆகும்.

கெடுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில். தட்டு காய்ந்திருந்தால் மின்னோட்டம் விழுந்துவிடும். 37 டிகிரி சலைன் (உப்புக் கரைசல்) விட்டு ஈரமாகவே வைத்திருங்கள். நஞ்சுக்கொடியும் கருவின் நெஞ்சும் தட்டுகளுக்கு நடுவில் வரக்கூடாது, வந்தால் இதயம் நின்றுவிடும். ஒளி மங்கலாக இருக்கிறதே என்று வோல்ட்டை ஏற்றுகிறவர்கள் செல்களை வேகவைக்கிறார்கள். வெந்த செல்லும் நகராது, மரபணுவை அடக்கிய செல்லும் நகராது. வெட்டுத் துண்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் அதே ஈற்றின் சில கருக்களுக்கு வெறும் வெக்டரை (அடக்கும் பகுதி இல்லாத பிளாஸ்மிட்) ஒப்பீட்டுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அடக்கிய மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் நகர்வு மீள்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நியூரான் நகர்வுக்கு உதவும் டபிள்கார்ட்டின் மரபணுவை ஆர்என்ஏஐ முறையில் (சிறு ஆர்என்ஏ கொண்டு மரபணுவை அடக்குவது) அடக்கியபோது பெரிய எலியின் (ராட்) கருவில் நியூரான்கள் நடுவழியில் நின்றன (2003). அதே மரபணுவை அடியோடு நீக்கிய சுண்டெலியிலோ புறணி அடுக்குகள் ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தன. விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

12.5 நாள் கருவுக்கு இந்த அளவு பெரிது, 3 மி.மீ. எடுங்கள், வோல்ட்டையும் 30க்கு இறக்குங்கள். பிளாஸ்டிக் பிடி உள்ளதை ஆட்டோகிளேவில் போடவேண்டாம். பல்ஸுக்குப் பிறகு தட்டில் ஒட்டும் புரதத்தை ஒவ்வொரு கருவுக்கும் இடையில் சலைனில் துடையுங்கள். வயர் பிடிக்குள் நுழையும் மூட்டுதான் முதலில் தளரும் இடம். நம்மூர் ஈரப்பதத்தில் அங்கே பச்சை பூக்கும், சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பது நல்லது. முகவர் சொல்லும் விலையில் 9% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலங்குப் பராமரிப்புக் குழுவின் அனுமதி கையில் வந்தபின் ஆர்டர் போட்டால் போதும். அதுவரை இடுக்கி பெட்டியில்தான் கிடக்கும்.