நரிக்கு வாங்கிய சோலார் சிவப்பு விளக்கு: மூன்று மாத அனுபவம்

தை மாதம் ஆன்லைனில் வாங்கினேன், இரண்டு விளக்கு 850 ரூபாய். இருட்டியதும் தானாக எரிந்து, இரண்டு சிவப்புக் கண் மாதிரி விட்டு விட்டு மின்னும். வேறு ஏதோ மிருகம் முறைத்துப் பார்க்கிறது என்று பயந்து நரி ஒதுங்கிவிடுமாம்.

எங்கள் வீடு விரிஞ்சிபுரம் பக்கம், பாலாற்றை ஒட்டிப் போட்ட பிளாட்டில். சுற்றிலும் சீமைக்கருவேல் புதர், நாங்கள் வருவதற்கு முன்பே நரிகள் அங்கே இருந்தவை. ஒரே மாதத்தில் நான்கு கோழி போனதும்தான் இதைத் தேடினேன்.

முதல் இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால், விளக்குக்கு ஒரு முழம் தள்ளி ஈர மணலில் கால் தடம், கம்பி வலைக்கு அடியில் புதிதாகப் பறித்த குழி, குழி ஓரத்தில் எங்கள் செவலைப் பெட்டையின் இறகு. பழகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் ஒரே மாதிரி மின்னும் எதற்கும் அது எத்தனை நாள் பயப்படும்? இப்போது மூன்று நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றி, நரியின் கண் உயரத்துக்கு வெளிப்பக்கம் பார்த்து வைக்கிறேன், அதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆற்று மணல் புழுதி மேலே படிந்தால் சார்ஜ் ஏறாது, துணியால் துடைக்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருந்த படம் நம்மூர் நரியே இல்லை, கயோட்டி, அமெரிக்காவில் இருக்கும் நரி மாதிரியான ஒரு மிருகம். சரி, அங்கே என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். சிகாகோ நகரத்துக்குள்ளேயே கயோட்டிகள் குடியிருக்கின்றன, 2000ஆம் ஆண்டிலிருந்து கழுத்துப் பட்டை மாட்டி ஆராய்ச்சி நடக்கிறது. பெரும்பாலும் எலி பிடித்துத் தின்று மனிதர் கண்ணில் படாமல்தான் திரிகின்றன, சாப்பாடு கிடைத்துப் பழகிய இடத்தில்தான் தைரியமாகக் கிட்டே வருகின்றன. ஒன்றைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும் என்பதையும் அங்கே படித்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கிற இரை) வைக்கலாம் என்றபோது இதையும் சேர்த்துச் சொன்னேன். "வேணாம்ணா, நரி 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட மிருகம். அதுவும் இல்லாம மாடு கடிச்சா வாய் சிதறிடும், புள்ளைங்க எடுத்தா கை போயிடும்." அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. எனக்கு அது போதும்.

எங்கள் தெருக்கோடியில் ராத்திரியானால் கோழிக்கடைக் கழிவை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். நரியும் தெருநாயும் அதற்குத்தான் வந்தன, வந்த வழியில் நம் கூண்டு. அந்த மூட்டை இருக்கும்வரை நூறு விளக்கு வைத்தாலும் வீண். நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசி நிறுத்தினோம், கோழி இழப்பு நின்றது அதற்கப்புறம்தான்.

கூண்டு வலையை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கோழியை அடைத்துவிட்டு, அதோடு இந்த விளக்கும் இருந்தால் நல்லது. விளக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒரு விளக்கு ஒரு பக்கம்தான் மின்னும், அதனால் வாங்குவதென்றால் நான்காக வாங்குங்கள்.