டட்சன் 260இசட்டில் வீட்டில் செய்த காயில்ஓவர்: நாலு வருஷம், 21,000 கிலோமீட்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஹிக்கின்சன் ஹைவேயை விட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினால் வரிசையாக வேகத்தடைகள். ஒவ்வொன்றையும் தாண்டும்போது முன்பக்கம் 'டக்' என்று ஒரு தட்டல் கேட்கும். ஏறும்போது கேட்காது, இறங்கும்போது மட்டும்தான். இந்த ஒரு விவரத்தை முதல் நாளே பிடித்துக்கொண்டு யோசித்திருந்தால் ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

வண்டி 1976 மாடல் டட்சன் 260இசட். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து வாங்கினேன். இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் மக்ஃபெர்சன் வகை ஸ்டிரட்தான், அதாவது ஸ்பிரிங்கும் அதன் குலுக்கலை அடக்கும் டேம்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. கம்பெனி போட்ட ஸ்பிரிங் அகலமானது. அது உட்காரும் தட்டு டயருக்கு மிக அருகில் வந்துவிடுவதால் கொஞ்சம் அகலமான வீல் போட்டாலே உரசும். தட்டை அறுத்தெடுத்து, ஸ்டிரட் குழாய்மேல் மரை போட்ட அலுமினிய உறையை இறக்கி, இரண்டரை அங்குல உள்விட்டமுள்ள ஸ்பிரிங்கை மாட்டினால் உள்பக்கம் இடம் கிடைக்கும், உயரத்தையும் மாற்றலாம். காயில்ஓவர் என்பது இதுதான். உலகம் முழுக்க இசட் வைத்திருப்பவர்கள் செய்கிற வேலை இது. பெட்டியில் வரும் செட் வாங்கக் காசு இல்லாததால் இந்த வழிக்கு வரவில்லை. என் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

உறை தங்கும் வளையத்தை ஜேக்கப்ஸில் லேத் வைத்திருக்கும் மாமா கடைந்து கொடுத்தார். நாற்பது வருஷம் கரும்பாலை இயந்திரங்களில் வேலை பார்த்தவர். வெல்டிங்கையும் அவரையே செய்யச் சொன்னேன். டேம்பரை வெளியே எடுத்த பிறகுதான் வெல்டிங், சூடான குழாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஆறியதும் சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்க்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். நாலு வெல்டையும் வருஷத்துக்கு ஒருமுறை அதே சாயம் தடவிப் பார்க்கிறேன். இதுவரை ஒரு கீறல்கூட இல்லை.

பின்பக்கம் கழற்றியதை நினைத்தால் இன்னும் தோள் வலிக்கிறது. கீழ் ஆர்மையும் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கை) சக்கரம் மாட்டும் ஹப்பையும் இணைக்கும் நீளமான ஆணி, ஸ்பிண்டில் பின், இந்த வண்டிகளில் துருப்பிடித்து இறுகிவிடும். எனக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூன்று நாள் ஆனது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் புது ஸ்பிண்டில் பின்னையும் புஷ்ஷையும் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இனி தட்டல். முதலில் மேல் மவுண்ட் ரப்பரை மாற்றினேன். பிறகு பால் ஜாயிண்ட், அதன் பிறகு கண்ட்ரோல் ஆர்ம் புஷ். வீல் அலைன்மெண்ட் செய்த கடையில், "வெல்டிங் விட்டிருக்கும், பழைய தட்டையே போடுங்கள்" என்றார்கள். மாமாவின் வெல்டிங்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் வேறு என்ன என்றும் தெரியவில்லை.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். "தம்பி, ஜாக்கி போட்டுத் தூக்கு. சக்கரம் நல்லா தொங்கட்டும்" என்றார். தூக்கினேன். அவர் கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பினார். பானையில் மத்து சுழல்வதுபோல ஸ்பிரிங் சுழன்றது. மேல் தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் வெற்றிடம்!

கணக்கு இதுதான். நண்பரிடமிருந்து எடை பார்க்கும் தட்டுகளை வாங்கி நிறுத்துப் பார்த்ததில் முன் மூலை ஒவ்வொன்றும் 270 கிலோ. சக்கரம், பிரேக், ஹப் ஆகியவற்றின் பாரம் ஸ்பிரிங்மேல் விழாது. அதற்கு 35 கிலோ கழித்தால் 235. நான் போட்டிருந்தது 300 பவுண்டு ஸ்பிரிங் (ஓர் அங்குலம் அமுங்க 300 பவுண்டு பாரம் வேண்டும்), அதாவது மில்லிமீட்டருக்கு சுமார் 5.4 கிலோ. 235 கிலோ உட்கார்ந்தால் அது 44 மில்லிமீட்டர்தான் அமுங்கும். டேம்பரோ, வண்டி நிற்கும் உயரத்திலிருந்து இன்னும் 75 மில்லிமீட்டர் கீழே இறங்கக்கூடியது. முதல் 44-இல் ஸ்பிரிங் முழுக்க விரிந்துவிடும். மீதி 31 மில்லிமீட்டருக்கு அதைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. வேகத்தடையிலிருந்து சக்கரம் விழும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி, வண்டி திரும்ப அமரும்போது வந்து மோதுகிறது. கையால் அளந்த 30-ம் காகிதத்தில் வந்த 31-ம் பொருந்தியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

300 பவுண்டு ஸ்பிரிங்கை நான் தேர்ந்தெடுத்ததே தவறு. பந்தயத் தளத்தில் ஓடுகிற ஒரு வண்டியைப் பார்த்து வாங்கினேன். முன்பக்கத்துக்கு 200 பவுண்டு, 10 அங்குல நீளம் என்று மாற்றினேன். பின்பக்கம் 225. 200 பவுண்டு ஸ்பிரிங் 66 மில்லிமீட்டர் அமுங்குகிறது. மீதி 9 மில்லிமீட்டரை நிரப்ப மேலே மெல்லிய துணை ஸ்பிரிங் ஒன்று வைத்தேன். பாரம் வந்தால் தட்டையாகிவிடும், சக்கரம் தொங்கினால் விரிந்து பெரிய ஸ்பிரிங்கை இருக்கையிலேயே அழுத்தி வைக்கும். ஸ்பிரிங்கின் அடி உட்காரும் மரைக் காலரை மட்டும் சுமார் 40 மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டியிருந்தது, அதற்கு உறையில் மரை இருந்தது. தட்டல் அன்றோடு நின்றது.

ஆனால் சத்தம் ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரிய தட்டல் போனதும் அதன் அடியில் ஒளிந்திருந்த சின்னச் சொடுக்கு கேட்க ஆரம்பித்தது. புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, மழையில் பெயர்ந்த தார்மேல் மெதுவாகப் போன இடமெல்லாம் இடது பக்கம் 'க்ளிக் க்ளிக்'. வண்டியை நிறுத்தி, மனைவியை முன் முனையை அமுக்கி அமுக்கி விடச் சொல்லி, நான் ஸ்டிரட்டின் மேல் நட்டில் விரலை வைத்தேன். விரலுக்குத் தெரிந்தது. வண்டியைத் தாழ்த்தும்போது ஸ்டிரட் குழாயை 50 மில்லிமீட்டர் குறைத்திருந்தேன். புது டேம்பர் அதற்குள் உட்கார்ந்தபோது அதன் தலை குழாய் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் உள்ளேயே நின்றுவிட்டது. மேல் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது குழாயைத்தான் இறுக்கியது, டேம்பரை இல்லை. அடியில் 4 மில்லிமீட்டர் வளையம் போட்டதும் தலை விளிம்புக்குமேல் வந்தது, நட் நேராக டேம்பரைப் பிடித்தது. குழாய்க்கும் டேம்பருக்கும் இடையே கொஞ்சம் எண்ணெயும் ஊற்றினேன். அது இல்லாவிட்டால் டேம்பரின் சூடு வெளியே போகச் சரியான வழியில்லை.

இவை போக, நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பினால் 'டொய்ங்' என்று வந்ததற்குக் காரணம் எளிது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது. மேல் தட்டில் மெல்லிய ஊசி பேரிங் வைத்ததும் தீர்ந்தது.

தாழ்த்தியதால் வந்த இன்னொரு தொல்லை, பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் தெரிந்தது. மேடு பள்ளத்தில் பிரேக் போட்டால் முன்பக்கம் தானாக ஒரு பக்கம் பாயும். வண்டி 40 மில்லிமீட்டர் இறங்கியதில் கீழ் ஆர்ம் தலைகீழான சரிவுக்குப் போயிருந்தது. ஸ்டிரட்டுக்கும் ஸ்டியரிங் கைக்கும் இடையே 25 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு வைத்து, நீளமான உயர்தர போல்ட்டால் இறுக்கினோம். பம்ப் ஸ்டியர் (மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புவது) ஸ்பேசர் என்று இதைச் சொல்கிறார்கள், பெயர் முழுக்கச் சரியில்லை. ஸ்டியரிங் கையும் பால் ஜாயிண்டும் சேர்ந்தே கீழே இறங்குவதால் முதலில் திருந்துவது ஆர்மின் சரிவுதான். பாய்ச்சல் பெரும்பாலும் போய்விட்டது, முழுதாகப் போகவில்லை. 14 அங்குல வீலில் இந்தத் துண்டு ரிம்மோடு முட்டும் அபாயம் உண்டு, என்னுடையது 15.

டர்பனின் உப்புக் காற்று தனி எதிரி. இரும்புக் குழாய்மேல் அலுமினிய உறை, நடுவில் உப்பு ஈரம். முதல் வருஷக் கடைசியில் காலர்கள் அசையவே இல்லை, உறைக்குள் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இப்போது குழாய்க்கு ஜிங்க் பிரைமர், மரையில் இறுகாமல் காக்கும் பசை, அதன்மேல் பழைய சைக்கிள் ட்யூப் உறை. மூன்று வருஷமாகக் காலர் இறுகாமல் திரும்புகிறது. காலர், உறை, குழாய் மூன்றிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், எது நகர்ந்தாலும் குனிந்து பார்த்ததும் தெரிந்துவிடும்.

இப்போது ஓட்ட எப்படி இருக்கிறது? ட்ரம்மண்ட், இன்சாங்கா வழியாகப் பழைய மெயின் ரோட்டில், ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் வளைவுகளில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. 300 பவுண்டு இருந்தபோது அதே வளைவில் நடுவே ஒரு பள்ளம் வந்தால் சக்கரம் தரையை விட்டுக் குதிக்கும். பின்னால் உட்கார இடமில்லாத வண்டி என்றாலும், பக்கத்து சீட்டில் ஆயா (பாட்டி) உட்கார்ந்து டோங்காட் வரை வந்தார், இடுப்பு வலி என்று சொல்லவில்லை. கம்பெனி ஸ்பிரிங் அளவுக்கு மென்மை கிடையாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

பாக்கி இருப்பது ஒன்று. இடது பின் டேம்பரின் தண்டில் எண்ணெய்க் கசிவு ஆரம்பித்திருக்கிறது. ஜூனில் மழை ஓய்ந்ததும் கழற்றப் போகிறேன், அந்தப் பக்க ஸ்பிண்டில் பின்னுக்குப் போன மாதமே கிரீஸ் வைத்துவிட்டேன்.