கொடுவாக் குஞ்சுக்கு உப்பு பார்க்க வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டர்

போன வருஷம் வரை தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்பேன். ஹேச்சரியில், அதாவது மீன் குஞ்சு பொரிப்பகத்தில், கொடுவாக் குஞ்சு வாங்கும்போது "தண்ணி 28 இருக்கு, மெதுவா இறக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் (ஆயிரத்துக்கு 28 பங்கு உப்பு, அதைப் படிப்படியாகக் குறைக்கணும் என்று அர்த்தம்), மெதுவாக என்றால் ஒரு சாயங்காலம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விடிந்து பார்த்தால் தொட்டி ஓரமெல்லாம் வெள்ளை வயிறு. கொடுவா நல்ல தண்ணீரிலும் வாழும் மீன்தானே என்று அவர்களிடமே சண்டைக்குப் போனேன், அதுதான் பெரிய கூத்து.

வாழும், ஆனால் அதற்கு முன் செவுளே மாற வேண்டும். கடல் தண்ணீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, மீன் ரத்தத்தில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கடலில் இருக்கும்வரை உள்ளே ஏறும் உப்பைச் செவுளில் இருக்கும் குளோரைடு செல்கள் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் எல்லாம் தலைகீழ்: உப்பு கசிந்து போகும், தண்ணீர் உள்ளே புகும், செவுள் உப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு உத்தரவு கொடுப்பது ஹார்மோன்கள். பெரும்பாலான மீன்களில் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் சேர்ந்தால் கடலுக்கேற்ற செல், நல்ல தண்ணீருக்கு முக்கியமாக புரோலாக்டின். 1959-லேயே கில்லிஃபிஷ் மீனின் பிட்யூட்டரியை, அதாவது மூளைக்கடியில் புரோலாக்டினைச் சுரக்கும் சுரப்பியை, எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்: நல்ல தண்ணீரில் செத்துப்போனது, புரோலாக்டின் ஊசி போட்டதும் பிழைத்தது. உத்தரவு வந்தாலும் செல் உருவாக நாளாகும். என் குஞ்சுகளுக்கு நான் கொடுத்தது சில மணி நேரம்.

சரி, கருவிக்கு வருவோம். ஆன்லைனில் 1,400 ரூபாய், பேட்டரி கிடையாது. கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, அரை நிமிஷம் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. இப்போது தினமும் காலையில் பார்த்து, ஒரு நாளைக்கு 3 அல்லது 4-க்கு மேல் இறக்குவதில்லை, எட்டு ஒன்பது நாள் ஆகிறது. இந்த முறை செத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி பெரியது சின்னதை விழுங்கியது, கொடுவாவுக்கு அந்தப் புத்தி போகாது.

குறை இல்லாமல் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோதே, உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டருக்கு 2 காட்டியது. வெப்பத்துக்கேற்ப தானாகச் சரிசெய்துகொள்வது 10 முதல் 30 டிகிரி வரைதான் என்று போட்டிருக்கிறது, மே மாசம் மத்தியானத்தில் அதை நம்ப முடியாது. கோடுகள் நெருக்கமாக இருப்பதால் 5-க்குக் கீழே பாதி ஊகம்தான், குஞ்சுக்கு ஆபத்தான கட்டமும் அதுதான் என்பதால் இதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். இன்னொன்று, சில மலிவுக் கருவிகளில் சாதா உப்புக் கரைசலுக்கான அளவுகோல் இருக்கும், கடல் தண்ணீர் 35 என்றால் அது 36-க்கு மேல் காட்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு. பூஜ்யத்தைச் சரிசெய்ய ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் கூடவே வரும், பத்திரம், நான் முதல் வாரமே தொலைத்துவிட்டு இப்போது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் ஓடுகிறேன்.