‘ஹைட்ரோ மட்டும் போட்டால் போதும்’ என்று சொல்லி விற்கும் பழைய ஸ்கூபா டேங்க்: ஏமாறாதீர்கள்

ஃப்ளோரிடாவில் டைவ் செய்யும் நம்மவர்களுக்கு இந்த எச்சரிக்கை. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவரிடம் ஒருவர், ‘ஹைட்ரோ என்ற நீரழுத்தச் சோதனை மட்டும் போட்டால் போதும்’ என்று சொல்லி, இரண்டு அலுமினியம் 80 (80 கன அடி காற்று பிடிக்கும்) டேங்குகளை 160 டாலருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். பளபளவென்று புது மஞ்சள் பெயின்ட், உள்ளும் புறமும் கண்ணால் பார்த்துச் சோதித்ததற்கான இந்த வருஷ விஷுவல் ஸ்டிக்கர். காற்று நிரப்பும் கடையில் இரண்டையும் தொடக்கூட மறுத்துவிட்டார்கள். விற்றவர் இப்போது போனை எடுப்பதே இல்லை.

கடையில் பார்த்தது டேங்கின் தோளில் அடித்திருக்கும் எழுத்துகளை. பெயின்ட் அந்தக் குழிகளை அடைத்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ‘டிஓடி-3ஏஎல்3000’ என்ற அமெரிக்கப் போக்குவரத்துத் துறைத் தரக்குறி, டேங்க் செய்த லக்ஸ்ஃபர் கம்பெனியின் பெயர், முதல் சோதனைத் தேதியாக 7, 86 என்ற எண்கள் தெரிந்தன. 1986 ஜூலை. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. லக்ஸ்ஃபர் அமெரிக்காவில் 1988 நடுப்பகுதி வரை 6351 என்ற அலுமினியக் கலவையில் டேங்க் செய்தது. பிறகுதான் 6061க்கு மாறியது. பழைய கலவையில், வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கிய கழுத்து மரைகளில் மெல்லிய விரிசல் விழுந்து உள்ளுக்குள் வளரும். நிரப்பும்போது வெடித்த டேங்குகளும் உண்டு, அதில் கை கால் இழந்தவர்களும் உண்டு.

‘ஹைட்ரோ போட்டால் போதும்’ என்பது இங்கேதான் பொய்யாகிறது. ஹைட்ரோவில் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) டேங்கில் தண்ணீர் நிரப்பி 5000 வரை ஏற்றி, விரிந்த உடம்பு பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். மொத்த விரிவில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றால் தோல்வி. மரையில் இருக்கும் முடி போன்ற விரிசல் இந்தக் கணக்கில் வராது. அதனால்தான் 6351 டேங்குக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோவோடு, கழுத்து மரையில் விரிசலை மின்காந்தக் கருவியால் தேடும் எடி கரன்ட் சோதனையும் சட்டப்படி கட்டாயம். அதில் தேறினாலும் பல கடைகள் நிரப்பாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நிரப்பும்போது பக்கத்தில் நிற்பது அவர்கள்தானே.

டேங்க் செய்யும் இன்னொரு கம்பெனியான கேட்டலினா 6351ஐப் பயன்படுத்தியதே இல்லை. இருந்தாலும் 1990க்கு முந்தைய அலுமினியம் எதுவும் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. புது பெயின்ட் இன்னொரு ஆபத்து. அடுப்பில் வைத்துச் சுட்ட பெயின்ட் என்றால், சூடு 176 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் அந்த டேங்கை ஒதுக்கியே ஆகவேண்டும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. வால்வு மாற்றியிருந்தாலும் கேளுங்கள்: முக்கால் அங்குல மரைக்கழுத்தில் ஐரோப்பிய எம்25 (25 மில்லிமீட்டர் மரை) வால்வு தொளதொளவென்று ஏறி நிற்கும், நிரப்பும்போது குண்டு மாதிரி பறக்கும்.

சரி, சொந்த டேங்க் தேவையா? வாடகை டேங்க் காற்றோடு வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு வாடகை 15 டாலர், சொந்த டேங்கை நிரப்ப 10 என்று வையுங்கள். ஒரு டைவுக்கு மிச்சம் 5தான். புது டேங்க் 250, நாலு வருஷ விஷுவல் தலா 25, ஆக 350. ஐந்து வருஷத்தில் 70 முறை நிரப்பினால்தான் போட்ட காசு வரும். வாராவாரம் கரையிலிருந்து இறங்குபவர் புதிதாக வாங்கலாம். வருஷத்தில் இரண்டு ட்ரிப் மட்டும் படகில் போகிறவருக்கு வாடகையே லாபம். விமானத்திலும் சுலபமாகக் கொண்டுபோக முடியாத சாமான்: வால்வைக் கழற்றி உள்ளே தெரியும்படி வைத்தால்தான் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் விடுவார்கள்.

வாடகையிலும் கண் வேண்டும். அவசரமாக நிரப்பிய டேங்க் 60 டிகிரி சூட்டில் 3000 காட்டினால், 27 டிகிரிக்கு ஆறியதும் 2700க்கு இறங்கிவிடும். தொட்டுப் பாருங்கள். சுட்டால், ஆறிய பிறகு கேஜ் போட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் அங்கேயே மேல்நிரப்பு கேளுங்கள்.

ஏற்கெனவே 6351 டேங்க் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். வால்வை மெல்லத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். ஹைட்ரோ நிலையத்தில் கொடுத்தால் மறுபடி பயன்படாதபடி ஆக்கித் தருவார்கள். அலுமினியம் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். வால்வை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் செய்தால் வேறு டேங்குக்கு ஆகும்.