மாலத்தீவு ஆல் இன்க்ளூசிவ் பேக்கேஜ்: குடும்பத்தோடு போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலத்தீவு போகலாம், சாப்பாடு, ஜூஸ் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட் எடுத்துவிட்டால் நிம்மதி என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எங்களுக்கு 2,37,000 ரூபாய் போயிருக்கிறது. பேக்கேஜுக்குக் கட்டிய 4,60,000 தனி. அதற்குமேல், அங்கே போய் இறங்கிய பிறகு கார்டைத் தேய்த்துக் கட்டியது 2,37,000. கொண்டுபோன துணிகூட இன்னும் துவைக்கவில்லை, அதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் அதே ஆட்கள் அதே விளம்பரத்தை இன்று காலையிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டு ஆள் பிடித்து, பேச்சையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடிக்கிற ஒரு டூர் பேக்கேஜ் கம்பெனி. சென்னையில் ஆபீஸ் இருக்கிறது, ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறது, பில்லும் கொடுக்கிறார்கள். கண் காணாத ஊரிலிருந்து பேசும் மோசடிக் கும்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆல் இன்க்ளூசிவ் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ரிசார்ட் இருக்கும் தீவில் பெரும்பாலும் அந்த ஒரே ஒரு ரிசார்ட்தான். வெளியே நடந்து போய் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கக்கூடக் கடை கிடையாது. பிள்ளைகள் இருவர், சுத்த சைவமான மாமியார், இவர்களை வைத்துக்கொண்டு வேளாவேளைக்கு விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று நானும் கணவரும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தோம்.

நவம்பரில் அந்தக் கம்பெனியிலிருந்து பேசிய பெண், எங்கள் வீட்டுப் பெண் மாதிரி பேசினார். நான் சொல்வதற்கு முன்பே "அம்மா சைவமா மேடம், வெங்காயம் பூண்டு சாப்பிடுவாங்களா" என்று கேட்டார். மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் கடல் விமானத்தில், அதாவது சீப்ளேனில், ஏற அம்மாவுக்கு முட்டி வலிக்குமா, கைப்பிடி இருக்கு பயப்பட வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு வாய்ஸ் நோட்: "மேடம், சீப்ளேன் போகவர, மூணு வேளைச் சாப்பாடு, ஜூஸ், ஐஸ்கிரீம், டாக்ஸ் எல்லாமே இதுல அடக்கம். அங்க போய் நீங்க பர்ஸைத் திறக்கவே வேண்டாம்." அந்த வாய்ஸ் நோட்டை நம்பித்தான் டிசம்பருக்குள் முழுப் பணத்தையும் அனுப்பினோம். மாமியாருக்கும் போட்டுக் காட்டினேன், "நல்ல பொண்ணா இருக்கே" என்றார்.

ரிசார்ட்டில் காட்ட வேண்டிய புக்கிங் வவுச்சர் கைக்கு வந்தது கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு. மூன்று முறை கேட்ட பிறகு. அதில் சாப்பாடு என்ற இடத்தில் "பேக்கேஜில் உள்ளபடி" என்று இருந்தது, அவ்வளவுதான். போன் போட்டால், "அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் மேடம், ரிசார்ட்ல எல்லாம் தெரியும்."

மாலே விமான நிலையத்தில் ரிசார்ட் கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். டேப்லெட்டைத் திருப்பி எங்களுக்கே காட்டினான். எங்கள் பெயருக்கு நேரே ஹாஃப் போர்டு, அதாவது காலை டிபனும் இரவுச் சாப்பாடும் மட்டும். சீப்ளேன் என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. கிரீன் டாக்ஸ், அதாவது சுற்றுலாப் பயணிகளிடம் அந்த நாட்டு அரசு வாங்கும் வரி, ரிசார்ட்டிலேயே கட்ட வேண்டும். இடையில் ஒரு மொத்த வியாபாரி வழியாக புக்கிங் வந்திருக்கிறது, ரிசார்ட்டுக்குக் கிடைத்த பணம் இவ்வளவுக்குத்தான் என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டோம், ரிங் போனது, எடுக்கவில்லை. கணவர் நம்பரிலிருந்தும் போட்டோம், கட் ஆனது.

இதில் இன்னொரு இக்கட்டு. அங்கே சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மதியம் தாண்டிவிட்டது, இப்போது பணம் கட்டவில்லை என்றால் அன்றைய விமானம் போய்விடும், மாலே பக்கம் ஓட்டல் தேடி இரவு தங்க வேண்டும், ரிசார்ட்டில் ஓர் இரவு வீண். பேரம் பேசவோ யோசிக்கவோ நேரமே கிடையாது. ஐந்து பேருக்குப் போகவர 1,800 டாலர், அங்கேயே கார்டைக் கொடுத்தோம். பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அத்தை, "என்னாலதானம்மா இவ்வளவு செலவு, நான் வராம இருந்திருக்கலாம்" என்றார். அந்தக் கம்பெனியை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று முடிவு செய்தது அந்த நிமிடத்தில்.

தீவில் போய் இறங்கினால், மதியச் சாப்பாட்டுக்காகத் திட்டத்தை மாற்ற ஐந்து பேருக்கும் தனிக் கட்டணம். கிரீன் டாக்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், 2025 ஜனவரியில் 6-லிருந்து இரட்டிப்பாக்கிவிட்டார்கள், ஐந்து பேர் என்றால் தினம் 60 டாலர். நீச்சல் குளத்துப் பக்கம் என் மகள் ஒரு தர்பூசணி ஜூஸ் கேட்டாள். அட்டையில் 9 டாலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. அந்தக் குறிக்கு அர்த்தம், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைமேல் 17 சதவீதம் வரி. பில் வந்தபோது 11 டாலர் 58 சென்ட். ஒரு டம்ளர் ஜூஸ். அதற்கப்புறம் பிள்ளைகள் தாகம் எடுத்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள். கிளம்பும்போது எல்லாம் சேர்த்து, வங்கி போட்ட டாலர் மாற்றுக் கட்டணத்தோடு 2,37,000 ரூபாய்.

திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். முதலில் "ரிசார்ட் சைடு இஷ்யூ மேடம், நாங்க எஸ்கலேட் பண்ணியிருக்கோம்." அப்புறம் "அக்கவுண்ட்ஸ் டீம் பார்த்துட்டு இருக்காங்க, ஏழு முதல் பத்து வேலை நாள்." அப்புறம் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். புதிதாகப் பேசியவர், பேக்கேஜில் சீப்ளேன் உண்டு என்று நாங்கள் எழுத்தில் எங்கே கொடுத்தோம், காட்டுங்கள் என்கிறார்! சரி என்று வாட்ஸ்அப்பைத் திறந்தால் அந்த வாய்ஸ் நோட்டே இல்லை. பேச ஆரம்பித்த அன்றே அவர்கள் தரப்பில் மறையும் செய்திகளை 90 நாளுக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நவம்பரில் பேசியது பிப்ரவரியிலேயே அழிந்துவிட்டது, நாங்கள் போனது மே மாதம். இது தற்செயலாக நடக்கிற காரியமா சொல்லுங்கள். நல்லவேளை, என் கணவர் அந்த வாய்ஸ் நோட்டை அன்றே குடும்ப குரூப்புக்கு அனுப்பியிருந்தார், அது அப்படியே இருக்கிறது. அதை அனுப்பி வைத்ததும் குரல் மாறியது. "குட்வில்லா 15,000 ரூபாய்க்கு அடுத்த டிரிப்புக்கு வவுச்சர் தர்றோம்." 2,37,000 ரூபாயைப் பறித்துவிட்டு, 15,000-க்கு மறுபடியும் அவர்களிடமே போக வேண்டுமாம்.

இதோடு முடியவில்லை. பில்லில் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) என்று அப்போதிருந்த 5 சதவீதம், 23,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அது சட்டப்படி வாங்குவதுதான், நம் பான் நம்பரில் கட்ட வேண்டும், வருமான வரி தாக்கல் செய்யும்போது நாம் கழித்துக்கொள்ளலாம். டிசம்பரில் வாங்கிய பணத்துக்கு ஜனவரியிலேயே கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது நம் பான் நம்பரில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதைக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். குடிக்காத குடும்பத்துக்கு ஆல் இன்க்ளூசிவ் தேவையே இல்லை, அதற்கு ஏற்றுகிற விலையில் மதுவுக்கும் பங்கு இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு உள்ள ஃபுல் போர்டு போதும், ஆனால் அதிலும் தண்ணீர், ஜூஸ் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன் ரிசார்ட்டுக்கு நேராக மெயில் போட்டு சாப்பாட்டுத் திட்டம், சீப்ளேன், பிள்ளைகளுக்கான கட்டணம் மூன்றையும் உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் மறையும் செய்தி போட்டிருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். மாஃபுஷி மாதிரி உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லம் எடுத்தால் வெளியே கடை, ஓட்டல் இருக்கிறது, ஸ்பீட் போட்டிலேயே போய்விடலாம், யாரும் நம்மைக் கட்டிப்போட முடியாது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள், நுகர்வோர் ஆணையத்தில் நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம்.

நாங்கள் 1915-இல் பதிந்துவிட்டோம், நோட்டீஸும் தயாராகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, "வெளியில எதுவும் போடாதீங்க மேடம், பேசித் தீர்த்துக்கலாம்" என்றார். 2,37,000 ரூபாயும் டிசிஎஸ் 23,000-மும் கணக்கில் ஏறட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.