மொறிஸ் மைனருக்கு அகல ரயர்: ஸ்ரான்லி வீதிக் கடை ஒன்றின் சேவை

அப்பா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரில், உள்நூல்கள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும் பழைய குறுக்கிழை ரயர்களைக் கழற்றி, நூல்கள் நேர்குறுக்காக ஓடும் இக்கால வகையான றேடியல் ரயரை அகலமாகப் பூட்டுவதற்காக யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலுள்ள கடை ஒன்றை நாடினேன். ரயரைக் காட்டுவதற்கு முன்பே கடைக்காரர் றிம்மை அளந்தது எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்தது. நான் கேட்டது 175/70 ஆர் 14; அதாவது 175 மில்லிமீற்றர் அகலம், அந்த அகலத்தில் 70 சதவீத உயரமான பக்கச்சுவர், 14 அங்குல றிம்முக்கான றேடியல் ரயர். அதற்குக் குறைந்தது நாலரை அங்குல அகலமான றிம் வேண்டும் என்றும், காருடன் வந்த ஒடுங்கிய றிம்மில் அதைப் பூட்டினால் பக்கச்சுவர் உப்பி, வளைவுகளில் கார் தளம்பும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஐந்து அங்குல றிம்மும் அவரிடமே கிடைத்தது.

இந்த அளவின் சிறப்பு, அகலம் கூடினாலும் ரயரின் விட்டம் ஏறத்தாழ 601 மில்லிமீற்றராகவே இருப்பதுதான். வழமையாகப் பூட்டும் 155/80 ஆர் 14 ரயரின் விட்டம் 604 மில்லிமீற்றர் என்பதால் வேகமானி காட்டும் கணக்கு அநேகமாக மாறாது. முன்னுக்கு றேடியலும் பின்னுக்குக் குறுக்கிழையுமாகக் கலந்து பூட்டினால் பின்பக்கம் வழுக்கும் என்பதால் நான்கையும் மாற்றினோம். பின் மட்காட்டில் உரசுகிறதா என்று நால்வரை ஏற்றிப் பார்த்த அக்கறையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

காரைத் தரிப்பிடத்தில் விடும்போது ஸ்ரியறிங் சற்றுப் பாரமாக இருக்கிறது. கிளிநொச்சி வரை ஓடித் திரும்பியதும் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கித் தந்தார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை.